இரண்டு நிறத்தில் பின்னிய குல்லா ஏன் தலையில் ஏறவில்லை?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். கோத்தகிரியில் இருக்கிறீர்கள். ஒரே நிறத்தில் ஸ்வெட்டர், மஃப்ளர், மங்கி குல்லா எல்லாம் பின்னிப் பழக்கம் உண்டு. இப்போது ஐந்து வயது மகனுக்கு வெள்ளையும் சிவப்பும் கலந்து முதல்முறையாக ஒரு குல்லா பின்னியிருக்கிறீர்கள், அது தலையில் ஏறவில்லை, முன்பக்கம் சுருங்கிக் கிடக்கிறது, இரண்டு நூலும் கையிலேயே முறுக்கிச் சிக்கிக்கொள்கின்றன. நல்ல உல்லன் வாங்க வேண்டுமா, ஊசியை மாற்ற வேண்டுமா, இல்லை இதெல்லாம் புதிதாகக் கற்பவர்களுக்கு ஆகாத வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே நீலகிரியின் தோடர் பழங்குடியினர் போர்த்துகிற பூத்துக்குளி சால்வையின் டிசைனைக் குல்லாவில் கொண்டுவர முடியுமா என்றும். இத்தனை கேள்விக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: வழக்கமான அதே கண்ணிக் கணக்கு, அதே ஊசி, அதே கை, அப்புறம் ஏன் இது மட்டும் சின்னதாக வந்தது?

நான் குன்னூரில் பல வருடங்களாகப் பின்னுகிறேன், கடைகளுக்கு ஆர்டர் எடுத்துச் செய்திருக்கிறேன், இப்போது சொல்லியும் கொடுக்கிறேன். கற்க வருகிறவர்களில் பெரும்பாலானவர்களின் முதல் கலர் குல்லா இப்படித்தான் வருகிறது. காரணம் உல்லனும் இல்லை, ஊசியும் இல்லை. குல்லாவின் பின்பக்கத்தில் இருக்கிறது.

ஒரு வரிசையில் இரண்டு வெள்ளைக் கண்ணி, மூன்று சிவப்புக் கண்ணி என்று மாறி மாறிப் பின்னும்போது, சிவப்பைப் பின்னும் நேரத்தில் வெள்ளை நூல் சும்மா பின்னால் குறுக்கே ஓடுகிறது. இதை ஃப்ளோட் என்பார்கள், நான் ஓட்டுநூல் என்று சொல்வேன். கண்ணி என்பது வளைந்து வளைந்து போகும் நூல், இழுத்தால் நீளும். ஓட்டுநூல் நேராகக் கிடக்கிறது, இழுத்தால் நீளாது. ஒரு நிறக் குல்லாவில் தலைக்கு ஏற்றபடி துணி விரிவதற்குக் காரணம் அந்த வளைவுதான். இரண்டு நிறக் குல்லாவில் வரிசைக்கு வரிசை பின்னால் ஒரு நேர் நூல் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதனால் அந்த ஓட்டுநூல் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் குல்லா விரியும். நீங்கள் அதை இழுத்துப் பின்னியிருந்தால் முன்பக்கக் கண்ணிகள் எல்லாம் நெருங்கி வந்து சுருங்கும், வேறு வழியே இல்லை.

கணக்காகவே பார்த்துவிடலாம். உங்கள் மகனின் தலைச் சுற்றளவு 50 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக நீங்கள் 96 கண்ணி போட்டிருப்பீர்கள், 10 செ.மீ.க்கு 22 கண்ணி வருகிற கை என்றால் குல்லா 43.6 செ.மீ. வரும், தலையில் போடும்போது விரிந்து சரியாக உட்கார்ந்துவிடும். அதே 96 கண்ணியை இரண்டு நிறத்தில் பின்னினால் பெரும்பாலானவர்களின் கை தானாகவே இறுகி, 10 செ.மீ.க்கு 25 கண்ணி வரை போய்விடும். அப்போது குல்லா 38.4 செ.மீ. தான், அதுவும் விரியாது. ஐந்து செ.மீ. குறைந்ததும் போய், விரிவதும் போய்விட்டால் தலையில் எப்படி ஏறும்? இரண்டு நிறக் குல்லா தலைச் சுற்றளவைவிட இரண்டு மூன்று செ.மீ. குறைவாக இருந்தால் போதும். 10 செ.மீ.க்கு 24 கண்ணி வருகிறது என்றால் 112 கண்ணி போடுங்கள், ஏறக்குறைய 46.7 செ.மீ. வரும். 112 நான்காலும் எட்டாலும் வகுபடும், சின்ன டிசைன்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றில் அடங்கிவிடும்.

இனி கைக்கு வருவோம். நிறம் மாற்றுகிற ஒவ்வொரு இடத்திலும், புது நிறத்தில் முதல் கண்ணி பின்னுவதற்கு முன், வலது ஊசியில் ஏற்கனவே பின்னிய ஏழெட்டுக் கண்ணிகளை விரலால் நன்றாக விரித்துவிடுங்கள், துணி படுக்கையாகக் கிடக்கிற அளவுக்கு. அதற்குப் பிறகு புது நூலை எடுத்தால் அது தேவையான நீளத்தில் தானாகவே பின்னால் படுக்கும். விரிக்காமல் கண்ணிகள் ஊசி முனையில் குவிந்திருக்கும்போதே எடுத்தால் ஓட்டுநூல் குட்டையாகிவிடும், பிறகு எவ்வளவு இழுத்தாலும் வராது. முதல் கண்ணியை இறுக்கிவிட வேண்டும் என்று கை துடிக்கும், நாம் வழக்கமாகப் புது நூல் சேர்க்கும்போது அப்படிச் செய்து பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தை விடுவதுதான் இந்த வேலையில் பாதி. முதல் கண்ணி கொஞ்சம் தொளதொள என்று தெரிந்தால் விட்டுவிடுங்கள், அடுத்த வரிசை வரும்போது சரியாகிவிடும்.

நூல் சிக்குவதற்கு ஒரே ஒரு விதி போதும். வெள்ளை எப்போதும் மேலே, சிவப்பு எப்போதும் கீழே. வெள்ளையை எடுக்கும்போது சிவப்புக்கு மேலாகக் கொண்டுவாருங்கள், சிவப்பை எடுக்கும்போது வெள்ளைக்குக் கீழாகக் கொண்டுவாருங்கள், ஒரு வரிசையில்கூட மாற்றாதீர்கள். உருண்டைகளையும் அப்படியே, சிவப்பு இடது பக்கம், வெள்ளை வலது பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் செய்தால் இரண்டும் ஒன்றையொன்று சுற்றவே சுற்றாது. ஒருமுறை மேலாக, ஒருமுறை கீழாக என்று எடுப்பதால்தான் முறுக்கிக்கொள்கிறது.

இந்த விதியால் இன்னொரு பெரிய நன்மை உண்டு. கீழிருந்து வரும் நூல் கொஞ்சம் நீண்ட பாதையில் வருகிறது, அதனால் அதன் கண்ணி ஒரு மயிரிழை பெரிதாக விழுகிறது, முன்பக்கத்தில் அந்த நிறம் எடுப்பாகத் தெரிகிறது. அதனால்தான் டிசைனுக்கான நிறத்தைக் கீழே வைக்கச் சொல்கிறேன். நடுவில் ஒரு வரிசையில் மட்டும் மேல் கீழ் மாறிப்போனால், அந்த வரிசையில் சிவப்பு மங்கலாக விழும், தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு கோடு போலத் தெரியும், என்ன தப்பு என்றே கண்டுபிடிக்க முடியாது. குல்லா முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு நூலையும் வலது கையிலேயே, ஒன்றை விட்டு மற்றதை எடுத்துப் பின்னலாம், கைக்கு ஒன்றாகப் பிடித்தும் பின்னலாம். இணையத்தில் கைக்கு ஒன்றுதான் சரியான முறை என்று அடித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. வேகம் வரும் என்பது உண்மை, ஆனால் இங்கே பள்ளியில் கைவேலை வகுப்பில் கற்றவர்கள் எல்லோரும் நூலை வலது கையில் பிடித்து ஊசியின் மேல் எறிந்துதான் பின்னுகிறோம், இடது கையில் நூல் பிடிப்பது நமக்குப் புதிது. ஒரே நேரத்தில் புதிய டிசைன், புதிய கைப்பிடி என்று இரண்டையும் கற்க வேண்டாம். முதல் குல்லாவை வலது கையில் நூலை விட்டு எடுக்கிற முறையிலேயே முடியுங்கள்.

ஓட்டுநூல் எவ்வளவு நீளம் போகலாம்? ஐந்து கண்ணி, சுமார் ஒரு அங்குலம் வரை அப்படியே விடலாம். அதற்கு மேல் போனால் குழந்தையின் விரல் உள்ளே மாட்டும், குல்லாவில் காதுக் கம்மல் மாட்டும். ஏழு கண்ணி தாண்ட வேண்டும் என்றால் நடுவில் ஒரு இடத்தில் சும்மா இருக்கிற நூலை, பின்னுகிற நூலின் மேல் ஒருமுறை குறுக்கே போட்டு அடுத்த கண்ணியைப் பின்னுங்கள், அது பிடித்துக்கொள்ளும். இதை அடுத்தடுத்த வரிசையில் ஒரே கண்ணிக்கு நேராகச் செய்யாதீர்கள், முன்பக்கம் அந்த நிறம் புள்ளியாக எட்டிப் பார்க்கும். சிலர் ஒவ்வொரு கண்ணிக்கும் இப்படிப் பிடித்துவிடுகிறார்கள், துணி அட்டை மாதிரி விறைத்துப் போகும். முதல் வேலைக்கு ஐந்து கண்ணிக்கு மேல் தாண்டாத டிசைனையே எடுத்தால் இந்தத் தொல்லையே வேண்டாம்.

குல்லாவை ஊசி மாற்றி மாற்றி நேராகப் பின்னி, கடைசியில் தைத்தீர்களா என்று சொல்லவில்லை. அப்படிச் செய்திருந்தால் அடுத்ததை வட்டமாகப் பின்னுங்கள். நேராகப் பின்னும்போது ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை பர்ல் (மறுபக்கத்திலிருந்து பின்னுகிற கண்ணி) வரும், அப்போது டிசைன் கண்ணுக்கு மறுபக்கம் இருக்கும், நூல்கள் முகத்துக்கு நேரே ஓடும், டிசைனைக் கட்டம் கட்டமாக வரைந்த கிராஃபையும் இடமிருந்து வலமாகத் திருப்பிப் படிக்க வேண்டும். வட்டத்தில் எல்லா வரிசையும் பிளெயின் (முன்பக்கக் கண்ணி), எல்லா வரிசையும் வலமிருந்து இடம், டிசைன் எப்போதும் கண்முன்னால். இரண்டு முனையையும் வளையும் கம்பி இணைக்கிற 40 செ.மீ. சர்குலர் ஊசி ஒன்றும், உச்சியைக் குறைக்கும்போது மாற்றிக்கொள்ள இரண்டு பக்கமும் முனை உள்ள ஊசி ஒரு செட்டும் இருந்தால் போதும். கை இறுக்கமானவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன், என்னிடம் கற்றவர்களுக்கு இது நன்றாகவே வேலை செய்திருக்கிறது: குல்லாவை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி வைத்துக்கொண்டு, வட்டத்தில் உங்களுக்கு எதிரே, தூரமாக இருக்கிற பக்கத்தில் பின்னுங்கள். அப்போது ஓட்டுநூல் வெளிச்சுற்றில் ஓடுகிறது, வெளிச்சுற்று கொஞ்சம் பெரிது, அதனால் நூல் தானாகவே நீளமாக விழும்.

ஊசி மாற்ற வேண்டுமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. பொதுவாக டிசைன் வரும் பகுதிக்கு ஒரு அளவு பெரிய ஊசி எடுக்கச் சொல்வார்கள், அதாவது பத்தாம் நம்பரில் பின்னுகிறவர் ஒன்பதுக்குப் போவது. சிலருக்கு அது தேவை, சிலருக்கு வேண்டியதில்லை. ஆனால் ஓட்டுநூலை இழுக்கிற கைக்கு எந்த ஊசியும் உதவாது, கண்ணி பெரிதாகும், பின்னால் நூல் அதே குட்டைதான். சாம்பிள் துண்டு ஒன்று பின்னி ஸ்கேல் வைத்து எண்ணிப் பாருங்கள், அதுவும் இரண்டு நிறத்திலேயே. ஒரு நிறச் சாம்பிளை வைத்து இரண்டு நிறக் குல்லாவுக்குக் கணக்குப் போட்டதுதான் உங்கள் விஷயத்தில் நடந்தது. வீடியோவில் சொல்கிற நம்பரையும் கவனியுங்கள். நம் கடைகளில் எட்டாம் நம்பர் என்றால் 4 மி.மீ., பத்தாம் நம்பர் 3.25 மி.மீ., நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். அமெரிக்கக் கணக்கு நேர் எதிர், அங்கே 8 என்றால் 5 மி.மீ. நம்பரை விட்டுவிட்டு மி.மீ.யை மட்டும் பாருங்கள்.

உல்லன் விஷயம். ஊட்டியிலோ குன்னூரிலோ கடையில் நாம் வாங்குகிற உருண்டைகளில் பெரும்பாலானவை அக்ரிலிக். ஆட்டு ரோமத்தின் இழையில் நுண்ணிய செதில்கள் உண்டு, அதனால் பக்கத்துப் பக்கத்துக் கண்ணிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், சின்ன ஏற்ற இறக்கங்களை ஈரத்தில் நனைத்து விரித்துக் காயவைத்தால் சமமாகிவிடும். அக்ரிலிக் வழுக்கும், நீங்கள் எப்படிப் பின்னினீர்களோ அப்படியே காட்டும், தண்ணீரில் நனைத்தால் பெரிய மாற்றம் வராது. நல்ல கம்பளி நூல் வேலையைச் சுலபமாக்கும், அதில் சந்தேகம் இல்லை. நம் மலையிலேயே நீலகிரி செம்மறி ஆடு என்று மென்மையான ரோமம் தருகிற இனம் உண்டு, ஊட்டி பக்கத்துச் சாண்டிநல்லாவில் அதற்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, இருந்தும் நம் கையில் அக்ரிலிக் தான் என்பது எனக்கு எப்போதும் உறுத்துகிற விஷயம். ஆனால் கற்றுக்கொள்ள அக்ரிலிக் தாராளமாகப் போதும். ஒன்று மட்டும், இஸ்திரிப் பெட்டியை அதன் மேல் வைக்காதீர்கள், துணி உயிரில்லாமல் தொய்ந்து பளபளவென்று ஆகிவிடும், மறுபடி பழைய நிலைக்கு வராது. தூரத்தில் இருந்து கொஞ்சம் ஆவி காட்டலாம். கம்பளி நூலில் சிவப்பும் வெள்ளையும் சேர்க்கிறீர்கள் என்றால், முதலில் ஒரு முழம் சிவப்பு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள், சாயம் விடுகிறதா என்று தெரிந்துவிடும்.

நிறம் தேர்ந்தெடுப்பதில் சிவப்பு, வெள்ளை நல்ல முடிவு. பலர் சிவப்பும் பச்சையும் எடுத்து வருகிறார்கள், உருண்டையாகப் பார்க்கும்போது பளிச்சென்று இருக்கும், பின்னியதும் டிசைனே தெரியாது. இரண்டு நிறமும் வெவ்வேறாக இருந்தால் போதாது, ஒன்று வெளிறியதாகவும் ஒன்று அடர்த்தியாகவும் இருக்க வேண்டும். கடையிலேயே இரண்டு உருண்டையையும் பக்கத்தில் வைத்து போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் வேறு எடுங்கள்.

எதை முதலில் கற்பது என்றால், என் வரிசை இது. முதலில் பட்டை, அதாவது வரிசைக்கு ஒரு நிறம், ஒரு நிறத்தில் பின்னத் தெரிந்த உங்களுக்கு அது சுலபமாக வரும். அடுத்தது மொசைக் என்கிற முறை. இரண்டு வரிசை முழுக்க ஒரே நிறம், மற்ற நிறம் வர வேண்டிய இடத்தில் கீழ்வரிசைக் கண்ணியைப் பின்னாமல் அப்படியே வலது ஊசிக்கு நகர்த்திவிட வேண்டும். கையில் எப்போதும் ஒரு நூல்தான், ஆனால் பார்ப்பதற்கு இரண்டு நிறமும் கலந்து பின்னியது போல இருக்கும். அமெரிக்காவின் பின்னல் நூலாசிரியர் பார்பரா வாக்கர் இந்த முறைக்குப் பெயர் வைத்துப் பரவலாக்கினார். துணி கொஞ்சம் கனமாக வரும், நம் டிசம்பர் குளிருக்கு அது நல்லதுதான். இதில் கிராஃப் படிக்கிற கண் பழகிவிடும். மூன்றாவதுதான் நீங்கள் செய்த இரண்டு நூல் முறை. ஸ்வெட்டரின் நடுவில் வாத்து, கார், பெயர் எழுத்து என்று தனியாக ஒரு உருவம் வைக்கிற இன்டார்சியாவைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அதில் நூல் பின்னால் ஓடாது, ஒவ்வொரு நிறத் திட்டுக்கும் தனித்தனிக் குட்டி உருண்டை, நிறம் மாறும் ஓரத்தில் இரண்டையும் ஒருமுறை முறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டை விழும். வட்டமாகவும் சாதாரணமாகப் பின்ன முடியாது. சின்ன உருவம் என்றால் ஒரு நிறத்தில் பின்னி முடித்து, மேலே கண்ணியின் வழியையே பின்பற்றித் தையலூசியால் போட்டுவிடலாம், யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது.

இரண்டு நூல் முறைக்கு உலகமே ஃபேர் ஐல் என்று பெயர் சொல்கிறது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னிக்கும் ஷெட்லாந்துக்கும் நடுவில் உள்ள குட்டித் தீவு அது. 1920-களில் அப்போதைய வேல்ஸ் இளவரசர் அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்ட பிறகு பெரிய மோஸ்தர் ஆனது. 1588-ல் அங்கே உடைந்த ஸ்பானியக் கப்பலின் மாலுமிகள்தான் கற்றுக்கொடுத்தார்கள் என்று நிறைய இடத்தில் படிப்பீர்கள். கப்பல் உடைந்தது நிஜம், மற்றது கதை, அதற்கு ஆதாரம் கிடையாது. நமக்கு உபயோகமானது அந்தத் தீவுக்காரர்களின் ஒரு வழக்கம்: ஸ்வெட்டரில் ஏழெட்டு நிறம் தெரியும், ஆனால் எந்த வரிசையை எடுத்தாலும் இரண்டே நிறம்தான் இருக்கும். வரிசைக்கு மூன்று நிறம் கேட்கிற டிசைனைப் பார்த்தால் இப்போதைக்குப் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள்.

பூத்துக்குளி டிசைன் பற்றி. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக, கோடு வரையாமல் துணியின் இழையை எண்ணி எண்ணியே தோடர் பெண்கள் போடுகிற வேலை அது. எண்ணிப் போடுவதால் கிராஃப் தாளில் கட்டமாக மாற்றுவது சுலபம். சிரமம் இரண்டு. பின்னல் கண்ணி சதுரம் இல்லை, உயரத்தைவிட அகலம் அதிகம், சதுரக் கட்டத்தில் வரைந்தால் டிசைன் கொஞ்சம் நசுங்கித் தெரியும், அதனால் உயரத்தில் ஒன்றிரண்டு வரிசை கூட்டி வரைய வேண்டும். அடுத்து, அந்த வேலையில் சிவப்பும் கறுப்பும் அகலப் பட்டைகளாக வரும், அவ்வளவு அகலத்தை ஒரே நிறத்தில் தாண்டினால் ஓட்டுநூல் நீண்டுவிடும். குறுகிய ஓர டிசைன் ஒன்றை மட்டும் எடுத்து, கறுப்புப் பட்டைகளைத் தனி நிறப் பட்டையாகவே பின்னிவிட்டால் அழகாக வரும். வீட்டுக்குப் பின்னிக்கொள்ளுங்கள். விற்கிற எண்ணம் இருந்தால் தோடர் வேலை என்ற பெயரில் விற்காதீர்கள், 2013-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அது அவர்கள் கைவேலைக்கு உரிய பெயர்.

கடைசியாக, பின்னி முடித்த அந்தக் குல்லா. உள்பக்கம் திருப்பி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். முன்பக்கக் கண்ணி விரிவதற்கு முன்பே பின்நூல் விறைத்து நின்றால் அதைக் காப்பாற்ற முடியாது, நனைத்தாலும் வராது, பிரித்துவிட்டு அந்த நூலையே சிட்டமாகச் சுற்றி மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். பின்நூல் தளர்வாக இருந்தும் குல்லா சின்னதாக இருந்தால் கணக்கு மட்டும்தான் தப்பு, இன்னும் சின்னக் குழந்தை யாருக்காவது சரியாக இருக்கும். இதில் எது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. நீங்கள் போட்டிருக்கிற படத்தில் முன்பக்கம்தான் இருக்கிறது, பின்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பக்கத்திலேயே ஒரு ஸ்கேலும் இருக்கட்டும்.